‘கேம்பிரிட்ஜ்’ என்றாலே தரமா? அனைத்துலகத் தேர்வுகளை யார் கண்காணிக்கிறார்கள்?



ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோரைச் சந்திக்கும் நாள்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப என் மேசைக்கு வருகிறது. “டீச்சர், பிள்ளையை எஸ்.பி.எம். படிக்க விடலாமா, கேம்பிரிட்ஜ் படிக்க விடலாமா?” என்பதே அது. முன்பெல்லாம் லாபிஸ் போன்ற சிற்றூரில், புகுமுக வகுப்பா நேரே படிவம் ஒன்றா என்பதுதான் பெற்றோரின் பெருங்கவலையாக இருந்தது. இன்று தந்தை சிங்கப்பூரில் வேலை செய்கிறார். தாய்மாமன் ஜொகூர் பாருவில் குடியேறிவிட்டார். மாமன் பிள்ளை ‘இன்டர்நேஷனல்’ பள்ளியில் படிக்கிறது. தீபாவளிக்கு ஊர் திரும்பும் அந்தப் பிள்ளை பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு, நம் வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு வேண்டாமா எனப் பெற்றோர் ஏங்குகின்றனர். அந்த ஏக்கத்தில் பிழையொன்றும் இல்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. பள்ளிக்கும் கேம்பிரிட்ஜ் என்கிறோம். பாடத்திட்டத்திற்கும் கேம்பிரிட்ஜ் என்கிறோம். தேர்வுக்கும் சான்றிதழுக்கும் அதே பெயர். ஒரே சொல்லுக்குள் நான்கு பொருள்களைப் போட்டு மூடிவிட்டால் எது தரமானது, எது தரமற்றது என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போய்விடுகிறது. தேர்வை நடத்துவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு. பள்ளியை நடத்துவது இங்குள்ள ஒரு தனியார் நிறுவனம். அந்தப் பள்ளியின் ஆசிரியர், ஆய்வுக்கூடம், வகுப்பறை ஆகியவற்றுக்குக் கேம்பிரிட்ஜ் பொறுப்பேற்று நிற்பதில்லை. ஒரு பள்ளியைத் தன் தேர்வு மையமாக ஏற்கும் முன் அது சில நிபந்தனைகளைப் பார்க்கிறது என்பது உண்மை. ஆனால் நாள்தோறும் வகுப்பில் நடக்கும் பாடத்திற்கும் அதற்கும் நெடுந்தொலைவு.

நமக்கும் கேம்பிரிட்ஜுக்கும் உள்ள உறவு புதியதும் அன்று. நம் தாத்தா காலத்துப் பெரியவர்கள் ‘சீனியர் கேம்பிரிட்ஜ்’ என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருப்பீர்கள். வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து, விடைத்தாள் மீண்டும் கப்பலில் திரும்பிய காலம் அது. அந்தத் தேர்வு ஆங்கிலப் பள்ளிகளில் படித்தவர்களுக்கே உரியது. தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்ட பிள்ளைக்கு அதன் வாசலே தெரியாது. ‘கேம்பிரிட்ஜ்’ என்ற சொல் இன்றும் நம் வீடுகளில் மந்திரம்போல் ஒலிப்பதற்கு அந்தப் பழைய ஏக்கமும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விடுதலைக்கு முன்னரே, 1956ஆம் ஆண்டில், நம் நாட்டுத் தேர்வு வாரியம் தோன்றியது. 1980ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி மலேசியத் தேர்வு மன்றத்தை அமைத்தார்கள். 1982 முதல் எஸ்.டி.பி.எம். தேர்வு அதன் பொறுப்பில் நடக்கிறது. எனினும் தொப்புள்கொடி ஒரேயடியாக அறுந்துவிடவில்லை. எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்குக் கேம்பிரிட்ஜும் தனியே தரம் வழங்கி, அது சான்றிதழில் இடம்பெற்ற ஆண்டுகள் பல. ஆக, எஸ்.பி.எம். என்பது ஏதோ உள்ளூர்ச் சரக்கு, கேம்பிரிட்ஜ் என்பது உலகச் சரக்கு என்று எண்ணுவோர் இந்த வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நல்லது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஐ.ஜி.சி.எஸ்.இ. எனப்படும் தேர்வு 1988ஆம் ஆண்டில் தொடங்கியது. இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கு ஒப்பாக, வெளிநாட்டு மாணவர்களுக்கென உருவாக்கப்பட்டது. கேம்பிரிட்ஜ் மட்டுமன்று, பியர்சன் எட்எக்செல் என்னும் வணிக நிறுவனமும் இதே வகைத் தேர்வை நடத்துகிறது. இவற்றின் தரத்தை யார் சோதிக்கிறார்கள்?

இங்கிலாந்தில் ஆஃப்குவால் என்றோர் ஆணையம் உண்டு. தேர்வு நடத்தும் வாரியங்களைக் கண்காணிப்பதே அதன் வேலை. அது அமைச்சின் ஒரு பிரிவும் அன்று, வாரியங்களுக்கு வேண்டப்பட்டதும் அன்று. அது எப்படிப் பல்லோடு செயல்படும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 2017ஆம் ஆண்டு ஜி.சி.எஸ்.இ. ஆங்கில இலக்கியத் தாளில், ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைப் பற்றி ஒரு வினா. டிபால்ட் என்னும் பாத்திரம் கேப்புலெட் குடும்பத்தை வெறுப்பதாக வினா அமைந்துவிட்டது. அவனே கேப்புலெட் குடும்பத்தவன்! வினாவை அமைத்தது ஓ.சி.ஆர். வாரியம், அதுவும் கேம்பிரிட்ஜ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆஃப்குவால் விசாரித்து, 2018ஆம் ஆண்டில் 175,000 பவுண்டு தண்டம் விதித்தது. ஒரு வினாவில் ஒரு பெயர்ப் பிழைக்கு இத்தனை பெரிய தண்டமா என்று வியக்கலாம். ஒரு பிழையான வினா ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மனத்தைத் தேர்வு மண்டபத்திலேயே குலைத்துவிடும் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியாததா என்ன?

ஆனால் பெற்றோர் அறிய வேண்டிய செய்தி இதற்கு அடுத்தபடியாக இருக்கிறது. ஆஃப்குவாலின் அதிகாரம் இங்கிலாந்தின் தேர்வுகளுக்கே உரியது. கடல் கடந்து நம் பிள்ளைகள் எழுதும் அனைத்துலகத் தேர்வின் மீது அந்தக் கண்காணிப்பு அப்படியே பாய்வதில்லை. அங்கேயும்கூட, ஜி.சி.எஸ்.இ. சீரமைக்கப்பட்ட பின்னர், அரசு வெளியிடும் பள்ளிச் செயல்திறன் பட்டியலில் அனைத்துலக ஜி.சி.எஸ்.இ. கணக்கில் கொள்ளப்படுவதில்லை. எனவே அங்குள்ள அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அதைக் கைவிட்டுவிட்டன. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளே அதைத் தொடர்கின்றன. ‘பிரிட்டிஷ் கல்வி’ என்று நம்மூரில் விளம்பரம் செய்யப்படும் தேர்வு, பிரிட்டனின் சாதாரண வீட்டுப் பிள்ளை எழுதும் தேர்வு அன்று.

இதனால் அத்தேர்வு தரங்கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் வினாத்தாள்களை நான் ஆர்வத்தோடு படிப்பதுண்டு. நன்றாகவே சிந்தித்து அமைக்கப்பட்டவை. மனனத்திற்கு அதிகம் இடம் கொடாதவை. ஒவ்வொரு பருவத் தேர்வு முடிந்ததும், எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் பெற்றால் எந்தத் தரம் என்னும் எல்லைகளைக் கேம்பிரிட்ஜ் பொதுவில் வெளியிடுகிறது. மதிப்பீட்டு முறையையும், மாணவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்னும் தேர்வாளர் அறிக்கையையும் வெளியிடுகிறது. இது பெரிய நற்பண்பு. இதைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

கேள்வி தரத்தைப் பற்றியது மட்டுமன்று. தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்பதே என் கேள்வி. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் இதற்கு விடை கிடைத்தது. மே, ஜூன் மாதத் தேர்வுகளைக் கேம்பிரிட்ஜ் நீக்கியது. பள்ளி கணித்துக் கொடுத்த தரங்களைத் தன் கணக்கு முறைப்படி திருத்தி, ஆகஸ்டு 11ஆம் நாள் முடிவுகளை வெளியிட்டது. பல நாடுகளில் மாணவர்கள் தங்கள் தரம் குறைக்கப்பட்டதாகக் குமுறினர். அதே வாரம் இங்கிலாந்தில் ஏ-லெவல் முடிவுகள் வந்தன. கணினி வாய்பாடு பத்தில் ஏறக்குறைய நான்கு தரங்களைக் கீழிறக்கியிருந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினர். ஆகஸ்டு 17ஆம் நாள் அரசு பணிந்தது. அதனையொட்டியே கேம்பிரிட்ஜும் தன் முடிவை மாற்றிக்கொண்டு, பள்ளி கணித்த தரத்திற்குக் குறையாமல் வழங்குவதாக அறிவித்தது.

சற்று எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் இருந்த பிள்ளைகளின் எதிர்காலம், இலண்டன் தெருவில் எழுந்த முழக்கத்தால் மாறியது. இங்குள்ள எந்த அமைப்புக்கும் அதில் ஒரு சொல் சொல்லும் அதிகாரம் இருக்கவில்லை. நம் எஸ்.பி.எம். அவ்வாண்டு என்ன ஆனது? தள்ளிப்போடப்பட்டது. 2021 பிப்ரவரியில், முகக்கவரியோடும் இடைவெளியோடும் பிள்ளைகள் தேர்வை எழுதியே முடித்தார்கள். அந்தக் காத்திருப்பு கொடுமையானதுதான். ஆயினும் எழுதாத தேர்வுக்குத் தரம் வாங்கும் நிலை அவர்களுக்கு வரவில்லை.

கசிவு, மோசடி ஆகியவற்றிலும் எவரும் எவருக்கும் குறைந்தவர் அல்லர். 2014ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செப்டம்பர் 30ஆம் நாள் மறுபடியும் எழுத நேர்ந்ததை நாம் மறக்க முடியாது. 2025ஆம் ஆண்டு ஜூன் பருவத்தில் சில தாள்களின் வினாக்கள் பாகிஸ்தானில் முன்கூட்டியே வெளிவந்ததைக் கேம்பிரிட்ஜும் ஒப்புக்கொண்டு, அவ்வினாக்களுக்கு எல்லார்க்கும் முழு மதிப்பெண் கொடுத்தது. உலகப் பெயர் இருந்தால் கள்ளம் அண்டாது என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை.

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ், தனியார் பள்ளி எதுவாயினும் கல்வி அமைச்சில் பதிவு பெற வேண்டும். அனைத்துலகப் பள்ளிகளில் மலேசிய மாணவர்களுக்கு இருந்த 40 விழுக்காட்டு வரம்பு 2012ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதன்பின்தான் அவை காளான்போல் பெருகின. அங்கே படிக்கும் மலேசியப் பிள்ளைகள் மலாய்மொழி கற்றாக வேண்டும். 2026 சனவரியில் அறிவிக்கப்பட்ட தேசியக் கல்வித் திட்டம் ஒருபடி மேலே சென்று, அனைத்துலகப் பள்ளி மாணவர்களும் எஸ்.பி.எம். நிலையில் மலாய்மொழியும் வரலாறும் எடுக்க வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்க முடிவு. எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் அரசு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு, பிறகு ஒரு தாளுக்காகத் தனியார் தேர்வராய் அலையும் இளைஞர்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

ஆனால் சட்டம் பார்ப்பது பள்ளியை. தேர்வை அன்று. எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை, 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, கல்லூரி, பல்கலைக்கழகத் தகுதிகளுக்கு உரியது. கல்லூரியில் சேரும்போது வெளிநாட்டுத் தேர்வுத் தரத்தை எஸ்.பி.எம். கிரெடிட்டுக்கு நிகராக ஏற்பதா என்பது பார்க்கப்படும். நிகர் என்று ஏற்பது வேறு; அந்தத் தேர்வைத் தொடர்ந்து கண்காணிப்பது வேறு. கடையில் தராசை ஒருமுறை பார்த்து ஏற்றுக்கொள்வதும், ஆண்டுதோறும் முத்திரை குத்திச் சோதிப்பதும் ஒன்றாகுமா?

இதைவிடப் பெருங்கவலை ஒன்று உண்டு. நம் சமூகத்தில் மிகச் சிலரே பேர்பெற்ற அனைத்துலகப் பள்ளிகளின் கட்டணத்தைக் கட்டவல்லவர். மற்றவர்களைத் தேடி வருபவை ‘லேர்னிங் சென்டர்’ எனப்படும் கற்றல் மையங்கள். கடைவீட்டு மாடியில் நான்கு அறைகள், குளிர்சாதனம், சுவரில் உலக வரைபடம். கட்டணம் அனைத்துலகப் பள்ளியைவிடப் பன்மடங்கு குறைவு. இவற்றுள் மனச்சான்றோடு நடத்தப்படுபவையும் உள. இயல்பான வகுப்பறையில் பொருந்தாத சிறப்புத் தேவையுள்ள சில பிள்ளைகளுக்கு அவை புகலிடமாகவே இருக்கின்றன. அதை மறுக்க மாட்டேன். ஆனால் இவற்றுள் பல, டியூஷன் மையமாகவோ திறன்வளர் மையமாகவோ பதிவு பெற்றுவிட்டு, முழுநேரப் பள்ளிபோல் நடப்பவை. பிள்ளை தேர்வு எழுதுவது அங்கேயும் அன்று. பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற தேர்வு மையத்தில், தனியார் தேர்வராக.

அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ. வேதியியலில் செய்முறைத் தேர்வுக்கு மாற்றாக எழுத்துத் தாள் ஒன்றை எடுக்க வழியுண்டு. படத்தில் உள்ள வெப்பமானியைப் படித்து, அட்டவணை நிரப்பி, ஆய்வை எப்படிச் செய்வாய் என்று எழுதினால் போதும். ஆய்வுக்கூடமே இல்லாத மையத்தில் படித்த பிள்ளையும் சோதனைக் குழாயைக் கையால் தொடாமலேயே மிக உயர்ந்த தரம் பெற இயலும். சான்றிதழில் அந்த வேறுபாடு தெரியாது. 2021 முதல் எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களில் செய்முறைத் தாள் கட்டாயம். நம் இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடங்களின் நிலை எல்லா இடத்திலும் போற்றத்தக்கதாக இல்லை என்பது வேறு கதை. ஆயினும் பிள்ளை ஒருமுறையேனும் அமிலத்தையும் காரத்தையும் அளந்து ஊற்றியாக வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு என்னிடம் வருவதற்கு முன், அந்த மையத்திடமே சிலவற்றைக் கேளுங்கள். கல்வி அமைச்சில் எந்த வகையில் பதிவு பெற்றிருக்கிறீர்கள்? பதிவுச் சான்றிதழைக் காட்ட முடியுமா? பள்ளியே தேர்வு மையமா, அல்லது பிள்ளை வெளியே சென்று எழுத வேண்டுமா? எந்த வாரியம், எந்தெந்தப் பாடம், அறிவியலுக்கு எந்தச் செய்முறைத் தாள்? எஸ்.பி.எம். மலாய்மொழியும் வரலாறும் யார் கற்பிப்பார்? சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள்? இக்கடைசிக் கேள்விதான் முக்கியம். ஐந்து பேர் எழுதி ஐவரும் சிறப்பாகத் தேறினார்கள் என்று பதாகை கட்டுவார்கள். இடையில் விலகிய இருபது பேரைப் பதாகை சொல்லாது. தரக் குறியீடும் குழப்பும். ஒரு வாரியம் ஏ ஸ்டார் முதல் ஜி வரை தரும். இன்னொன்று 9 முதல் 1 வரை தரும். பழைய ‘சி’ இப்போதைய 4 என்பதையும், 9 என்பது முன்பிருந்த எஸ்.பி.எம். 9ஜி போன்ற தோல்வி அன்று, உச்சம் என்பதையும் பாட்டியிடம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்!

மற்ற நாட்டுத் தமிழர்களின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1960ஆம் ஆண்டையொட்டிப் பெரும்பாலான உதவிபெறும் பள்ளிகளை அரசு ஏற்றுக்கொண்டு, புதிய தனியார் பள்ளிகளுக்குத் தடை விதித்தது. பின்னாளில் வந்த அனைத்துலகப் பள்ளிகள் நிறுவனச் சட்டத்தின்கீழ் வணிக நிறுவனங்களாகவே பதிவு பெற்றன. கல்வி அமைச்சின் மேற்பார்வை அவற்றின்மேல் விழவில்லை. கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல அவற்றையே நாடுகின்றன. சட்டம் ஒரு கதவை அடைத்தால், சந்தை மற்றொரு கதவைத் திறந்துகொள்ளும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. கேம்பிரிட்ஜோடு சேர்ந்தே தேர்வு நடத்தினாலும், பாடத்திட்டத்தையும் தாய்மொழித் தாள்களையும் தன் கையில் வைத்துக்கொண்டது. 2027 முதல் ஓ-லெவலுக்கு மாற்றாக வரும் புதிய சான்றிதழிலும் கேம்பிரிட்ஜ் பெயர் தொடர்கிறது. பெயரை வாங்கிக்கொண்டார்கள், கடிவாளத்தைக் கொடுக்கவில்லை. லாபிஸிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் இப்படி ஒரு பாடம் இருக்கிறது.

நம் நாட்டுச் சீன சமூகத்தையும் பாருங்கள். 1975ஆம் ஆண்டு முதல் தங்கள் தனியார் உயர்நிலைப்பள்ளிகளுக்கெனத் தாமே ஒரு பொதுத் தேர்வை நடத்துகின்றனர். கூட்டரசு அதனைப் பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கு ஏற்காமலேயே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இருந்தும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல அதை ஏற்கின்றன. அரசு முத்திரையால் மட்டும் தரம் வந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த அரசியல் நமக்கு வேண்டாம். ஒரு சமூகம் தன் தேர்வைத் தானே கண்ணும் கருத்துமாய்க் காத்த அந்த உழைப்பு வேண்டும்.

இப்போது எஸ்.பி.எம். பக்கம் திரும்புகிறேன். கேம்பிரிட்ஜைக் குறைகூறிவிட்டு நம் வீட்டைப் பெருக்காமல் விடலாகாது.

எஸ்.பி.எம். தேர்வில் ஏ+ பெற எத்தனை மதிப்பெண் வேண்டும்? தேர்ச்சிக்கு எத்தனை? எவராலும் சொல்ல முடியாது. தர எல்லைகள் வெளியிடப்படுவதில்லை. கூடுதல் கணிதத்தில் இத்தனை மதிப்பெண் எடுத்தாலே தேர்ச்சியாம் என்று ஆண்டுதோறும் வதந்தி பரவும், அமைச்சு மறுக்கும், அத்துடன் முடியும். வினா கடினமாக அமைந்த ஆண்டில் எல்லையைத் தாழ்த்துவதும், எளிதாக அமைந்த ஆண்டில் உயர்த்துவதும் முறையான செயலே. உலகெங்கும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாத இடத்தில்தான் ஐயம் முளைக்கிறது. மேலும், பாடத்திட்டத்தை வகுப்பதும், பள்ளியை நடத்துவதும், தேர்வை நடத்துவதும், முடிவைப் பாராட்டி அறிக்கை விடுவதும் ஒரே அமைச்சு. ஆட்டக்காரனும் நடுவனும் ஒருவனாக இருக்கலாமா? எஸ்.டி.பி.எம். தேர்வுக்குச் சட்டப்படி தனி மன்றம் இருக்கும்போது, அதைவிடப் பன்மடங்கு மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு அமைச்சைச் சாராத ஒரு கண்காணிப்பு அமைப்பு ஏன் இருக்கக் கூடாது? அதே அமைப்பின் கையில் இந்நாட்டில் நடக்கும் வெளிநாட்டுத் தேர்வுகளின் பட்டியலையும், அவற்றின் மையங்களையும், முறையீடுகளையும் கொடுத்துவிடலாம். இதுவே என் துணிபு.

தமிழுக்கு வருகிறேன். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி உண்டு, தமிழ் இலக்கியம் உண்டு. எஸ்.டி.பி.எம். தேர்விலும் தமிழ் உண்டு. இவை தாமாக நிலைத்தவை அல்ல. 2009ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்கும் அறிவிப்பு வந்தபோது, முதலில் பலியாகவிருந்தவை நம் பாடங்களே. சமூகம் குரல் கொடுத்தது. கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்க வழி பிறந்தது. இன்றும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டுமெனில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டாக வேண்டும். லாபிஸ் போன்ற ஊரில் பதினைந்து என்பது சிறிய எண் அன்று. வசதியுள்ள மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைக் கற்றல் மையத்திற்கு மாற்றிவிட்டால், எஞ்சிய பன்னிரண்டு பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் கேள்விக்குறியாகிவிடும். போகிற பிள்ளை தமிழை இழக்கிறது என்பது மட்டுமன்று, இருக்கிற பிள்ளையும் இழக்கக்கூடும். இதை எந்த விளம்பரத் தாளும் சொல்லாது. பெற்றோரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. தம் பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. முடிவு எடுக்கும்போது இந்தக் கணக்கும் கண்முன் இருக்கட்டும் என்றே விழைகிறேன்.

ஆசிரியர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. 2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது, அடுத்த ஆண்டு படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வும் போனது. தேர்வுப் பேயிலிருந்து பிள்ளைகள் விடுபட்டார்கள் என்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருத்தி. இன்றும் அந்த மகிழ்ச்சி மாறவில்லை. ஆனால் வகுப்புசார் மதிப்பீட்டில் நான் ‘அடைவுநிலை 5’ என்று கொடுக்கும் தமிழ்க் கட்டுரையும், சிகாமட்டில் இன்னோர் ஆசிரியர் ‘அடைவுநிலை 5’ என்று கொடுக்கும் கட்டுரையும் ஒரே தரமா? யாருக்கும் தெரியாது. என் பள்ளியின் 5 இன்னொரு பள்ளியின் 4 ஆக இருக்கக்கூடும்; 6 ஆகவும் இருக்கக்கூடும். இந்தப் பிள்ளைகள் எல்லாரும் படிவம் ஒன்றில் ஒரே வகுப்பில் அமரும்போதுதான் வேறுபாடு வெளிப்படுகிறது. அப்போது “தமிழ்ப்பள்ளியில் ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை” என்னும் பழி நம் எல்லார்மேலும் விழுகிறது. பெற்றோர் சிலர் வெளிநாட்டுத் தேர்வை நாடுவதற்கு இந்த அவநம்பிக்கையும் காரணம்.

கேம்பிரிட்ஜ் இதற்கு என்ன செய்கிறது? விடைத்தாள் திருத்தும் தேர்வாளர் அனைவர்க்கும் திருத்தத் தொடங்கும் முன்னரே ஒரே மாதிரி விடைத்தாள்களைக் கொடுத்து, எல்லாரும் ஒரே மதிப்பெண் பக்கம் வரும்வரை பேசித் தீர்க்கிறார்கள். நம் தேர்வு வாரியமும் எஸ்.பி.எம். திருத்தும்போது இதைச் செய்கிறது; திருத்தப் போய்வந்த ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதற்குக் கோடி வெள்ளி தேவையில்லை, இலண்டன் முத்திரையும் தேவையில்லை. பத்துக் கட்டுரைகளும் ஒரு பிற்பகலும் போதும்.

லாபிஸ், சாஆ, பெக்கோக், சிகாமட் வட்டாரத் தமிழாசிரியர்கள் சேர்ந்து இதை நாமே தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். ஆளுக்கு மூன்று ஆறாம் ஆண்டுக் கட்டுரைகள். பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் மறைக்கப்பட்ட படிகள். அவற்றை ஒன்றாகக் கலந்து, ஒவ்வொருவரும் தனித்தனியே அடைவுநிலை இட்டுக்கொண்டு வருவது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை அமர்ந்து, எங்கே வேறுபட்டோம், ஏன் வேறுபட்டோம் என்று பேசுவது. கையெழுத்துக்கு மயங்கினோமா, அடுக்குச் சொற்களுக்கு மயங்கினோமா, சந்திப்பிழைக்கு அளவுக்கு மீறித் தண்டித்தோமா என்பதெல்லாம் அப்போது வெளிவரும். கருத்தை எழுதிவிட்டு மொழியில் தடுமாறும் பிள்ளையையும், மொழியில் மினுக்கிவிட்டுக் கருத்தே இல்லாத பிள்ளையையும் எந்த நிலையில் வைப்பது என்று நாம் உடன்படுவதற்கே அன்றைய காலைப் பொழுது சரியாக இருக்கும். உடன்பட்ட கட்டுரைகளை மாதிரிகளாகத் தொகுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பெற்றோர்க்கும் காட்டலாம்: இது 4, இது 5, இது 6 என்று.

தலைமையாசிரியர்களின் இசைவு பெற வேண்டும். கட்டுரைகளைப் படியெடுக்க வேண்டும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் தொடங்கிவிட்டால், ஆண்டிறுதி அடைவுநிலை இடும் வேளைக்குள் இரண்டு முறையேனும் கூடிவிடலாம். வட்டார ஆசிரியர்களில் விருப்பமுள்ளோர் எனக்குத் தெரிவியுங்கள். முதல் மூன்று கட்டுரைகளை நானே படியெடுத்து அனுப்புகிறேன்.